தாயைப் பார்த்த முட்டை

பட்டுப்புழு முட்டை வீட்டுக்கு வரும் நாளில் ஆயா யாரையும் புழு மனைப் பக்கம் சத்தம் போட்டு நடக்கக்கூட விடமாட்டாள். தருமபுரியிலிருந்து பாப்பாரப்பட்டி பஸ்ஸில் அப்பா மடியில் ஏந்தி வரும் அட்டைகள் அவை. கடுகைவிடச் சிறிய முட்டைகள் வட்டவட்டமாக ஒட்டியிருக்கும். ஒரு வட்டம் ஒரு தாய்ப்பூச்சி இட்டது. அட்டையைக் கையில் வாங்குமுன் ஆயா ஒன்றே ஒன்றுதான் கேட்பாள்: "தாயப் பாத்து உட்ட முட்டதானா?"

பார்த்த முட்டைதான். முட்டை உற்பத்தி நிலையத்தில், இட்டு முடித்த தாய்ப்பூச்சியை நசுக்கிக் கரைத்து, ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். பெப்ரைன் நோயின் வித்துகள் தெரிந்தால் அந்தத் தாய் இட்ட முட்டை மொத்தமும் அழிக்கப்படும். தெரியாவிட்டால்தான் அது விவசாயி கைக்கு வரும். இந்த முறையை வகுத்தவர் லூயி பாஸ்டர். 1865இல் பிரான்சின் தெற்கே அலெஸ் ஊருக்கு அவரை அனுப்பியபோது பட்டுப்புழுவைப் பற்றி அவருக்கு ஒன்றுமே தெரியாது என்பார்கள். சில ஆண்டுகள் அங்கே போய்ப்போய்த் தங்கி அவர் கண்டது, தாயைப் பார்த்தால் பிள்ளையைக் காக்கலாம் என்பதை. அது எப்படியோ கடல் தாண்டி, மைசூர் வழியாக, எழுதப் படிக்கத் தெரியாத என் ஆயாவின் வாய்க்கு ஒரு கேள்வியாக வந்து சேர்ந்திருந்தது.

அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்பது பிறகு புரிந்தது. முட்டையைப் பார்த்து நோய் சொல்ல முடியாது. பொரிந்து வரும் புழுவைப் பார்த்தும் சொல்ல முடியாது. தோட்டத்து மல்பெரி இலையெல்லாம் தின்று தீர்த்தபிறகு, கூடு கட்டும் நேரத்தில் மனை மொத்தமும் கவிழும். அப்போது பார்த்துப் பயனில்லை. எல்லாம் நன்றாக இருப்பதுபோல் தெரிகிற காலத்திலேயே பார்த்துவிட வேண்டும்.

புழு மனை வாசலில் சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் தூவிய சாக்கு கிடக்கும். அதை மிதித்துத்தான் உள்ளே போக வேண்டும். பூனைக்கு உள்ளே அனுமதி இல்லை. ஆனால் பூனை இல்லாமலும் நடக்காது. கேழ்வரகு மூட்டையைத் தேடி எலி வரும், சந்திரிகை என்ற மூங்கில் தட்டியில் புழு கட்டிய கூட்டைத் தேடியும் வரும். அதனால் வாசலில் எப்போதும் இரண்டு மூன்று பூனைகள் இருந்தன. எதையும் யாரும் வாங்கி வந்ததில்லை. பெயரும் நிறத்தைப் பார்த்து வைத்ததுதான்: கருப்பி, சாம்பலி, செவலையன்.

செவலையன் கடுவன். கன்னம் இரண்டும் உப்பி, ஒரு காது கிழிந்து, ஓட்டுக்கூரைமேல் நடந்தால் கீழே படுத்திருப்பவர்களுக்குக் காலடி கேட்கும். பெட்டை கத்துகிற இரவுகளில் பக்கத்துத் தெருக் கடுவனோடு கூரைமேல் புரண்டு சண்டை போடுவான். சண்டை முடிந்த சில நாளில் தாடையிலோ வால் அடியிலோ ஒரு வீக்கம் தெரியும். கடிவாய் மேலே மூடிக்கொண்டு உள்ளே சீழ் கட்டியிருக்கும். ஆயா மஞ்சளை அரைத்துப் போடுவாள். உடைந்து வடிந்து ஆறும். ஆறியதும் மறுபடி கூரை.

கடைசி வருஷத்தில் அவனுக்கு வாய் புண்ணாகிவிட்டது. தயிர்ச்சோற்றை மோந்து பார்ப்பான். பசியில் ஒரு வாய் எடுப்பான். எடுத்ததும் கத்திக்கொண்டு பின்னால் துள்ளி, முன்னங்காலால் வாயைப் பிறாண்டுவான். எச்சில் நூலாகத் தொங்கும். நக்கிச் சுத்தம் செய்ய முடியாமல் மார்பு முடியெல்லாம் சடைபிடித்துப் பழுப்பாகியிருந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தபோது பல்லைச் சுற்றி ஈறு முழுக்க ரத்தச் சிவப்பு. கன்னங்கள் வற்றி, முகம் குட்டிப்பூனை முகமாகச் சிறுத்துப்போனது. மழைக்காலத்தில் கேழ்வரகுத் தட்டுப் போருக்கு அடியில் போய்ப் படுத்தவன் எழுந்து வரவில்லை.

அது எண்பதுகளின் கடைசி. ஊரில் மாட்டாஸ்பத்திரி இருந்தது. சினை ஊசிக்கும் கோமாரித் தடுப்பூசிக்கும் மாட்டை ஓட்டிக்கொண்டு போவார்கள், வயிறு உப்பிய ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். பூனையைத் தூக்கிக்கொண்டு அந்த வாசலில் யாரும் நின்றதில்லை. நின்றிருந்தாலும் செவலையனின் ரத்தத்தில் எதைத் தேடுவது என்று அங்கே இருந்தவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. உலகத்துக்கே அது அப்போதுதான் தெரிய வந்திருந்தது.

1986இல் அமெரிக்காவில், கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில், நீல்ஸ் பெடர்சன், ஜேனட் யமமோட்டோ இருவரும் பூனைகளின் ரத்தத்திலிருந்து ஒரு புது வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். பெட்டலூமா என்ற ஊரில் நிறையப் பூனைகளை வைத்துப் பராமரித்த ஒரு வீட்டில் பூனைகள் ஒவ்வொன்றாக உருக்குலைந்து செத்துக்கொண்டிருந்தன. அதற்குமுன்பே தெரிந்திருந்த பூனை லுகேமியா வைரஸுக்குச் சோதித்தால் இல்லை என்றே வந்தது. தேடியபோது கிடைத்தது, மனிதரின் எச்ஐவி சேர்ந்த அதே லென்டிவைரஸ் குடும்பத்தில் இன்னொன்று. 1987இல் சயின்ஸ் இதழில் வெளியிட்டார்கள். பூனை நோயெதிர்ப்புக் குறைபாட்டு வைரஸ், சுருக்கமாக எஃப்ஐவி. அது முக்கியமாகப் பரவுவது ஆழமான கடியால். கடிக்கும் பூனையின் எச்சில் கடிபடும் பூனையின் சதைக்குள் இறங்க வேண்டும். அதனால் அதிகம் மாட்டுவது கருத்தடை செய்யாத, வெளியே திரிகிற கடுவன்கள். பல ஆண்டுகள் ஒன்றும் தெரியாது. பிறகு ஆறாத வாய்ப்புண், இளைப்பு, ஒன்று மாற்றி ஒன்றாகத் தொற்று. செவலையனுக்கு இருந்தது இதுதான் என்று நான் சொல்லமாட்டேன். சோதிக்காமல் சொல்லக்கூடாது. ஆனால் அந்த நோயின் விவரத்தை எங்கே படித்தாலும் கூரைமேல் அவன் காலடி கேட்கிறது.

அதே 1986இல்தான் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் நிர்மலா என்ற மாணவி ரத்த மாதிரிகள் சேகரித்தார். அவற்றை ரயிலில் வேலூர் சிஎம்சிக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். ஆறு மாதிரிகளில் எச்ஐவி இருந்தது. இந்தியாவில் அந்த வைரஸ் இருப்பது முதன்முதலில் அப்படித்தான் தெரிந்தது. நோய் இங்கே வராது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், நன்றாக இருக்கிற ஆட்களின் ரத்தத்தைப் பார்க்கலாம் என்று நினைத்தவர்கள் அவர்கள். அந்த நினைப்புக்கு நான் எப்போதும் தலை வணங்குவேன்.

எங்கள் தெருவில் லாரிக்குப் போன ஒருவர் இருந்தார். சொந்தம் இல்லை, முறைக்குச் சித்தப்பா. தொப்பூர் கணவாய் ஏறி வடக்கே போகிற லாரிகளில் கிளீனராகத் தொடங்கி டிரைவர் ஆனவர். வரும்போது எங்களுக்கு நாக்பூர் ஆரஞ்சு கொண்டுவருவார். தொண்ணூறுகளின் பிற்பாதியில் அவர் மெலிந்துபோய் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார். திண்ணையில்தான் படுக்கை. அவருக்கென்று ஓர் அலுமினியத் தட்டு. சோற்றை எட்ட நின்று அதில் போடுவார்கள். அவரே கழுவி, திண்ணை ஓரம் கவிழ்த்து வைக்க வேண்டும். அந்தத் தட்டை நாங்கள் யாரும் தொடக்கூடாது. தட்டால் எச்ஐவி பரவாது என்பது அப்போதே மருத்துவர்களுக்குத் தெரியும். எங்கள் தெருவுக்கு யாரும் வந்து சொல்லவில்லை. பிறகு சில வருஷம் கழித்து எய்ட்ஸ் விழிப்புணர்வுக்கான புள்ளிராஜா விளம்பரம் ஊரெல்லாம் பேச்சாக இருந்தபோது சித்தப்பா இல்லை. 2004 ஏப்ரலில் தாம்பரம் மருத்துவமனையில் அரசு இலவசமாக எச்ஐவிக்கான ஏஆர்டி மாத்திரை கொடுக்கத் தொடங்கியபோதும் இல்லை.

பூனையைப் பற்றி எழுத உட்கார்ந்து அவரை ஏன் இழுக்கிறேன் என்று வீட்டில் கேட்டார்கள். வெள்ளச்சியின் ரத்தச் சோதனை முடிவு வந்த அன்று எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தத் தட்டு. அதனால்தான்.

வெள்ளச்சி, தருமபுரியில் இப்போது நாங்கள் இருக்கும் வீட்டின் பின்கட்டுக்குத் தானாக வந்தவள். மூன்று குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு வந்து துவைக்கும் கல்லுக்குப் பின்னால் வைத்தாள். வயிறு ஒட்டியிருந்தது. வலது தோளில் பழைய கடித் தழும்பு. வீட்டில் ஏற்கெனவே வயதான பூனை ஒன்று இருக்கிறது. வாசற்படி தாண்டாத கருப்பி. (ஆயா வீட்டுக் கருப்பியின் பெயரை வைத்தது என் மகள்.) புது வரவை அதோடு சேர்ப்பதற்குமுன் ரத்தம் பார்த்துவிடலாம் என்று சேலத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் கொண்டுபோனோம். தாய் ஒரு வயர் கூடையில், மேலே துண்டு போட்டுக் கட்டி. குட்டிகள் கட்டைப்பையில்.

முன்னங்காலில் ஒரு ரூபாய் அகலத்துக்கு முடியை மழித்து, நரம்பை விரலால் அழுத்திப் பிடித்து, ஊதா மூடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்தார்கள். வெள்ளச்சி கூடைக்குள் வாலை அடித்துக்கொண்டே இருந்தாலும் கடிக்கவில்லை. உள்ளங்கையில் அடங்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டை ஒன்று. அதில் இரண்டு குழிகள், இரண்டு சன்னல்கள். ஒன்று லுகேமியா வைரஸுக்கு, இன்னொன்று எஃப்ஐவிக்கு. குழியில் ரத்தத்தை விட்டு, மேலே கரைசலைச் சொட்டினார் டாக்டரம்மா. சிவப்பு மெல்ல ஊர்ந்து சன்னலைக் கடந்து போனது. பத்து நிமிடம். முதலில் இரண்டு சன்னலிலும் ஒரு கோடு வந்தது. சோதனை சரியாக நடக்கிறது என்பதற்கான கோடு அது. லுகேமியா சன்னலில் அதற்குமேல் எதுவும் வரவில்லை. எஃப்ஐவி சன்னலில் வெளிர் ரோஜா நிறத்தில் இன்னொரு கோடு தெரிந்து, பார்க்கப் பார்க்க அழுத்தமானது.

இந்த இரண்டு சன்னலும் தேடுவது ஒன்றையல்ல. லுகேமியா சன்னல் வைரஸின் சொந்தப் புரதத்தைத் தேடுகிறது. அது தெரிந்தால் வைரஸ் ரத்தத்தில் இருக்கிறது. எஃப்ஐவி சன்னல் வைரஸைத் தேடுவதில்லை, அதை எதிர்த்துப் பூனையின் உடம்பு உருவாக்கிய எதிர்ப்பொருளைத் தேடுகிறது. வளர்ந்த பூனைக்கு இந்த வித்தியாசம் பெரிதில்லை, எஃப்ஐவி ஒருமுறை வந்தால் போவதில்லை என்பதால். குட்டிக்கு இதுதான் எல்லாம். தாயின் எதிர்ப்பொருள் சீம்பாலோடு குட்டிக்குள் போய்விடும். குட்டிக்கு நோயே இல்லாவிட்டாலும் கோடு விழும். ஆறு மாத வயது தாண்டி மறுபடி பார்த்தால்தான் உண்மை தெரியும்.

மூன்று குட்டிகளுக்கும் கோடு விழுந்தது.

என் ஆயாவின் கணக்கில் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். தாய் கெட்டது, வட்டம் மொத்தமும் நெருப்புக்கு. பட்டுப்புழுவுக்கு அது சரியான கணக்கு. பெப்ரைன் தாயின் முட்டைக்குள்ளேயே குடியேறி வருவது. பூனைக்கும் இதே கணக்கைப் போட்ட காலம் ஒன்று உண்டு. 1973இல் நியூயார்க்கில் வில்லியம் ஹார்டி லுகேமியா வைரஸைக் கண்டுபிடிக்கும் ரத்தச் சோதனையைக் கொண்டுவந்ததும், நிறையப் பூனைகள் இருக்கும் வீடுகளில் எல்லாவற்றையும் சோதித்து, பாசிட்டிவ் என்று வந்தவற்றை அப்புறப்படுத்துவது பழக்கமானது. அதனால் அந்த வீடுகளில் நோய் நின்றது உண்மை. அப்புறப்படுத்தப்பட்டவற்றில் எத்தனையோ நன்றாக ஓடியாடிக்கொண்டிருந்தவை என்பதும் உண்மை. இன்றைக்குப் பூனை மருத்துவர்கள் சொல்வது வேறு. ஒரு கோட்டை மட்டும் பார்த்து எந்தப் பூனையையும் கொல்லக்கூடாது. எஃப்ஐவி உள்ள பூனைகளில் பல, மற்றப் பூனைகளின் ஆயுளைக் கிட்டத்தட்ட முழுதாகவே வாழ்கின்றன.

பக்கத்து வீட்டக்காவுக்குச் செய்தி எப்படியோ போய்விட்டது. மதில்மேல் கை வைத்துக்கொண்டு கேட்டார்: "பூனைக்கு எய்ட்ஸாமே? புள்ளைங்க இருக்கிற வூட்டுல எதுக்குங்க இது? ஏரிக்கரையில கொண்டு உட்டுருங்க." அவர் கெட்டவர் இல்லை. என் பிள்ளைகளுக்காகப் பயந்தவர். அவரிடம் நான் பொறுமையாகச் சொன்னேன். இந்த வைரஸ் பூனைக்குள் மட்டுமே வாழும், மனிதருக்கு வராது, கடித்தாலும் வராது. ஏரிக்கரையில் விட்டால்தான் அது இன்னொரு பூனையோடு சண்டை போட்டு, கடித்து, நோய் ஊர் சுற்றும். வீட்டுக்குள் இருந்தால் அதோடு நின்றுபோகும். பூனை எய்ட்ஸ் என்று சொல்லாதீர்கள் என்றும் கேட்டுக்கொண்டேன். அந்தச் சொல் மனிதரையே திண்ணைக்குத் துரத்தியதை நான் பார்த்திருக்கிறேன்.

இனித் தட்டுக்கு வருகிறேன். வெள்ளச்சியும் கருப்பியும் ஒரே தட்டில் சாப்பிடலாமா? லுகேமியா வைரஸ் என்றால் கூடாது. அது கடியே தேவையில்லாமல் எச்சிலிலும் மூக்குச்சளியிலும் பரவுவது. ஒன்றையொன்று நக்கிக்கொள்வது, ஒரே கிண்ணத்தில் தண்ணீர் குடிப்பது, தாய் குட்டியை நக்குவது, இவையே போதும். அன்பாக இருக்கிற பூனைகளுக்குள்தான் அது வேகமாகப் பரவுகிறது என்பது எனக்கு இன்னும் மனதை அறுக்கிற செய்தி. அதைக் கண்டதும் ஒரு வீட்டை வைத்துத்தான். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ பக்கம் ஒரே வீட்டுப் பூனைகளுக்கு அடுத்தடுத்து நிணநீர்ப் புற்று வருவதை ஊர்க் கால்நடை மருத்துவர் ஒருவர் கவனித்துச் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டு போன வில்லியம் ஜாரெட் 1964இல் வைரஸைக் காட்டினார். அந்த ஜாரெட் மாட்டின் நுரையீரல் புழுவுக்குத் தடுப்பு மருந்து உருவாக்கிய குழுவிலும் இருந்தவர். மாட்டாஸ்பத்திரி அறிவுதான் பூனைக்கும் வந்திருக்கிறது.

ஆனால் வெள்ளச்சிக்கு இருப்பது எஃப்ஐவி. அதற்கு ஆழமான கடி வேண்டும். சண்டை போடாத இரண்டு பூனைகள் ஒரே வீட்டில் இருந்தால் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போவது அரிது. தட்டில் பரவுவதாக வைத்துக்கொள்ள வேண்டியதே இல்லை. தட்டைப் பிரிக்க வேண்டாம், சண்டை வருமா என்று மட்டும் பாருங்கள், முதலில் தனி அறையில் வைத்து மெல்லப் பழக்குங்கள் என்றார் டாக்டரம்மா. கருப்பி முதலில் சீறினாள். பிறகு அலட்சியமாகிவிட்டாள். இப்போது இரண்டும் ஒரே எவர்சில்வர் தட்டின் இரண்டு ஓரங்களில் நின்று சாப்பிடுகின்றன. தட்டை என் மகள்தான் கழுவுகிறாள், வெறும் கையால்.

தடுப்பூசி பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். எஃப்ஐவிக்கு ஊசி வந்தது. யமமோட்டோவின் ஆராய்ச்சியில் பிறந்து 2002இல் அமெரிக்காவில் உரிமம் பெற்றது. வைரஸில் பல உட்பிரிவுகள் இருந்ததால் எல்லாவற்றையும் அது தடுக்கவில்லை. அதைவிடப் பெரிய சிக்கல் சோதனையில் வந்தது. ஊசி போட்ட பூனையின் உடம்பும் எதிர்ப்பொருளை உருவாக்கும், சன்னலில் கோடு விழும். நோயால் வந்த கோடா, ஊசியால் வந்த கோடா? வீட்டைவிட்டுத் தொலைந்துபோய்க் காப்பகத்தில் சேர்ந்த பூனைக்கு இந்தக் குழப்பம் உயிர்ப் பிரச்சினை. பின்னர் அமெரிக்காவிலும் கனடாவிலும் அதன் விற்பனையே நின்றுபோனது. லுகேமியா ஊசி அப்படியல்ல. 1985இலேயே வந்தது, நன்றாக வேலை செய்கிறது. அது புழக்கத்தில் உள்ள நாடுகளில் முதலில் சோதிப்பார்கள், இல்லை என்று வந்தால்தான் போடுவார்கள். ஏற்கெனவே வைரஸ் இருக்கும் பூனைக்கு அதனால் பயனில்லை. எட்டு வார வயதிலிருந்து, மூன்று நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி. அதையும் இடது பின்னங்காலின் கீழ்ப்பகுதியில். ஊசி போட்ட இடத்தில் மிக அரிதாகச் சதைப்புற்று வருவதை 1991இல் பென்சில்வேனியாவில் கவனித்தபிறகு வந்த ஏற்பாடு அது. வெறிநோய் ஊசிக்கு வலது கால். எந்த ஊசியால் வந்தது என்பதும் தெரியும், காலை எடுத்தாவது உயிரைக் காக்கலாம்.

எங்கள் பக்கத்தில் பூனைக்கு ஊசி என்று போனால் போடுவது இரண்டு. கழிச்சல் நோயோடு இரண்டு சளி வைரஸ்களையும் சேர்த்துத் தடுக்கும் மூவகை ஊசி ஒன்று, வெறிநோய் ஊசி ஒன்று. லுகேமியா ஊசியை நான் போய்ப் பார்த்த எந்த அலமாரியிலும் காணவில்லை. ஆகவே இந்த இரண்டு வைரஸுக்கும் தருமபுரியில் நம் கையில் இருப்பது சோதனை, கருத்தடை, வீட்டுக்குள் வைத்திருப்பது என்ற மூன்றுதான். இதைக் குறையாக நான் சொல்லவில்லை. கடுவனுக்குக் கருத்தடை செய்தால் கூரைச் சண்டை பெருமளவு அடங்கும். சண்டை இல்லாவிட்டால் கடி இல்லை. செவலையனுக்கு யாராவது அதைச் செய்திருந்தால் அவன் சீழும் புண்ணுமாக அத்தனை வருஷம் அலைந்திருக்க மாட்டான் என்று நம்புகிறேன்.

மூவகை ஊசியைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. நம் ஊர்ப் பூனைக்குட்டிகளை மொத்தமாக வாரிக்கொண்டு போவது அந்தக் கழிச்சல் நோய். நாயின் பார்வோ வைரஸுக்கு நெருங்கிய உறவு. ரத்த வெள்ளணுக்களை அழித்துவிடும். எதிர்ப்புச் சக்தி என்று குட்டிக்கு ஒன்றுமே மிஞ்சாது. காலையில் விளையாடிய குட்டி மாலையில் தண்ணீர்க் கிண்ணத்தின்மேல் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, குடிக்கவும் முடியாமல் நகரவும் முடியாமல் உட்கார்ந்திருக்கும். பாலக்கோட்டில் தம்பி வீட்டில் ஓர் ஈற்று முழுவதும் அப்படிப் போனது. போன இடத்தில் உடனே வேறு குட்டி கொண்டுவரக் கூடாது. அந்த வைரஸ் தரையில் ஒரு வருஷம்வரைகூடத் தாக்குப்பிடிக்கும், சோப்புக்கும் பினாயிலுக்கும் அசையாது. பிளீச்சிங் பவுடர் கரைசலுக்குத்தான் சாகும். ஆயாவின் புழு மனை வாசல் சாக்கு எனக்கு அப்போது கண்முன் வந்தது. எஃப்ஐவியும் லுகேமியாவும் இதற்கு நேரெதிர். உடம்பைவிட்டு வெளியே வந்து காய்ந்தால் சீக்கிரம் சாகும், சாதாரண சோப்பே போதும். எந்த நோய்க்கு எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

பென்னாகரத்துக்கு அப்பால், காட்டை ஒட்டிய ஊர்களில் பூனை வளர்ப்பவர்களுக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. அங்கே வீட்டுப்பூனை போகிற அதே ஓடையில் காட்டுப்பூனையும் சிறுத்தையும் தண்ணீர் குடிக்கின்றன. 2000களின் தொடக்கத்தில் புளோரிடாவின் பாந்தர்களுக்கு வீட்டுப்பூனையிலிருந்து லுகேமியா வைரஸ் போய்ச் சில இறந்தன. மீதி இருந்தவற்றைப் பிடித்து ஊசி போட்டார்கள். 2007இல் ஸ்பெயினின் தொன்யானாவில் ஐபீரிய லின்க்ஸ் என்ற காட்டுப்பூனை இனத்துக்கும் அதே நோய் வந்தது. ஒகேனக்கல் காட்டுக்கு அப்படி ஒன்று வரக்கூடாது என்று நினைப்பவர்கள் வீட்டுப்பூனையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

குட்டிகளைத் தனியாக வைத்து வளர்த்தோம். கழிச்சல் ஊசியும் வெறிநோய் ஊசியும் உரிய வயதில் போட்டாயிற்று. எஃப்ஐவி கோட்டைப் பற்றி மட்டும் எதுவும் முடிவு செய்யாமல் காத்திருந்தோம். ஆறு மாதம் தாண்டி மறுபடி அதே மேசை, அதே மாதிரித் தட்டை. ஒவ்வொன்றாகச் சொட்டிவிட்டுப் பார்த்தோம். மூன்றின் எஃப்ஐவி சன்னலிலும் இரண்டாவது கோடு வரவில்லை. தாயிடமிருந்து வாங்கி வந்த எதிர்ப்பொருள் கரைந்துவிட்டது, வைரஸ் அவற்றுக்குள் இருந்ததே இல்லை. முதல் நாள் கோட்டை நம்பி முடிவெடுத்திருந்தால் நோயே இல்லாத மூன்று உயிர்கள் போயிருக்கும். ஆயாவிடம் சொல்ல முடிந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன்: தாயைப் பார்த்தாயிற்று, ஆயா, பிள்ளையைத் தனியாகப் பார்க்க வேண்டியிருந்தது.

வெள்ளச்சிக்குக் கருத்தடை ஆகிவிட்டது. வருஷத்துக்கு இரண்டுமுறை எடை பார்ப்பதும், வாயைத் திறந்து ஈறு பார்ப்பதும், ரத்த அணுக்களை எண்ணுவதும் உண்டு. பச்சைக்கறி கொடுப்பதில்லை. சின்னச் சளி என்றாலும் தள்ளிப்போடுவதில்லை. எடை கூடியிருக்கிறாள்.

ஒரு குட்டியைத் தம்பி கேட்டான். அவன் வீட்டில் தக்காளி மண்டிக்குப் பக்கத்தில் திரியும் கடுவன் ஒன்று இருக்கிறது. உன் கடுவனைச் சோதித்துவிட்டு வா, பிறகு தருகிறேன் என்றேன். "அதுக்கு என்னக்கா, கல்லு மாதிரி இருக்கான்" என்றான். கல்லு மாதிரி இருக்கும்போதுதான் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த வாரம் தக்காளி கிரேட் இரண்டைக் கவிழ்த்துக் கட்டி அதற்குள் கடுவனை வைத்துச் சேலத்துக்கே வந்துவிட்டான். டாக்டரம்மாவிடம் அவனே கேட்டான், கடைசியாகச் சண்டை போட்டு எத்தனை நாள் ஆகியிருக்க வேண்டும் என்று. கடி பட்டால் எதிர்ப்பொருள் தெரிய இரண்டு மாதம்வரை ஆகும், அதனால் இன்று இல்லை என்று வந்தாலும் 60 நாள் வெளியே விடாமல் வைத்திருந்து மறுபடி பார்க்கலாம் என்றார் அவர். இரண்டு சன்னலிலும் இரண்டாவது கோடு இல்லை. கருத்தடைக்கு நாள் குறித்துக்கொண்டு, மூவகை ஊசியும் போட்டுக்கொண்டு பாலக்கோட்டுக்குத் திரும்பினார்கள். குட்டி இரண்டாம் சோதனைவரை எங்களிடம் இருக்கும்.